பாட்டு விரட்டாத தூக்கம்

புளியமரத்தில் பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் செந்துறைப் பக்கம் மற்றவர்கள் பயப்படுவார்கள். பூங்குழலி மட்டும், யார் பார்த்தது, எந்தக் கிளையில் பார்த்தது என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லிப் பேய்க்கே அலுத்துப்போகும். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. உளவியல் சேர்ந்தாள். தன் குடைச்சல் புத்திக்கு ஆராய்ச்சி என்று ஒரு கௌரவமான பெயர் இருப்பது அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது லாரி டிரைவர்களின் தூக்கத்தை. காரணம் வீட்டிலேயே இருந்தது. கணவன் உத்திராபதி அரியலூரிலிருந்து சென்னைக்குச் சிமெண்டு ஏற்றிப் போகிறவன். கண் சொக்கினால் பச்சை மிளகாயைக் கடிப்பான். அதற்கும் அடங்காவிட்டால் வண்டியை ஓரங்கட்டிச் சற்றுக் கண்ணயர்வான். அவன் திரும்பி வரும்வரை அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

கல்லூரிக் கணினியில் தேடியபோது ஒரு வெளிநாட்டுக் கட்டுரை அகப்பட்டது. பாட்டுக் கேட்டபடி வண்டி ஓட்டியவர்கள் தாங்கள் நல்ல விழிப்போடு இருந்ததாகச் சொன்னார்கள் என்றது அதன் சுருக்கம். முழுக் கட்டுரையைப் படிக்கப் பணம் கட்டச் சொன்னது. சுருக்கமே போதும் என்று விட்டுவிட்டாள். பேயையே குறுக்கு விசாரணை செய்கிறவளுக்கு அன்றைக்கு என்ன கேடோ! ஆய்வுக்காகச் சேர்ந்திருந்த டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, பாட்டுக் கேட்டால் தூக்கம் வராது, ஆராய்ச்சியே சொல்கிறது என்று பேசி அனுப்பினாள். கரும்பு தின்னக் கூலியா? வண்டிக்கு வண்டி பாட்டு அலறியது. உத்திராபதி மிளகாயை விட்டான், ஓரங்கட்டுவதையும் விட்டான்.

ஆய்வேட்டில் அந்தக் கட்டுரையைச் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் பழைய புத்தி திரும்பியது. விழிப்பாக இருந்ததாகச் சொன்னார்கள், சரி, ஓட்டியது எப்படி? கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டாள். யாரோ எவரோ என்று பார்க்காமல் அந்த மனிதர் முழுக் கட்டுரையையும் அனுப்பிவைத்தார்.

அதில் வண்டி ஓட்டியவர்கள் டிரைவர்களே அல்ல, கல்லூரி மாணவர்கள். ஓட்டியதும் ரோட்டில் அல்ல, கணினித் திரைக்கு முன்னால். பெரும்பாலோர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்கள். தூங்காமல் வந்த சிலரைப் பற்றிய விவரம் கடைசி அட்டவணையில் ஒதுங்கிக் கிடந்தது. பாட்டு ஓடும்போது தூக்கம் போய்விட்டது என்று அவர்களும் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாட்டுக் கேட்காமல் ஓட்டியவர்களின் வண்டியைப் போலவே அவர்கள் வண்டியும் ரோட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தது. தாண்டியது அவர்களுக்கே தெரியவில்லை. ஆய்வுக்குச் செலவு செய்தது கார்களுக்குப் பாட்டுப் பெட்டி செய்யும் கம்பெனி. அவள் விடாமல் தேடி, நிஜ டிரைவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளையும் படித்தாள். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து என்றன அவை.

குழுவுக்கு உடனே மறுபடி பேசி அனுப்பினாள். தான் சொன்னது தப்பு, யாரும் அதை நம்பி ஓட்ட வேண்டாம் என்றாள். மத்தியானப் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தால், காலையில்தான் சென்னையிலிருந்து திரும்பிய உத்திராபதி அடுத்த லோடுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான், இல்லையென்றால் சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"பாட்டு ஓடும்போது முழிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரிதான் இருக்கும்ங்கிற."

"ஆமாங்க. இருக்கிற மாதிரிதான்."

"இன்னைக்கு வரும்போது தொழுதூர்ல ஒரு பாட்டு ஆரம்பிச்சுது, குழலி. அடுத்தாப்ல எனக்கு ஞாபகம் இருக்கிறது பெரம்பலூர் நாலு ரோடுதான். நடுவுல வண்டிய யாரு ஓட்டுனான்னு தெரியல."

அவளுக்கு ஆயிரம் கேள்வி வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. சட்டையை வாங்கிக் கொடியில் போட்டு, ஃபேனைக் கூட்டி வைத்தாள். அவன் படுத்ததும் தூங்கிப்போனான்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. லாரி ஓனர். லோடு ரெடியாக நிற்கிறது, எங்கே அவன் என்று கத்தினார்.

"தூங்குறாருங்க," என்றாள் பூங்குழலி. "அவரா எந்திரிச்சாத்தான் வருவாரு."