ஐந்தாவது ஆட்டத்தன்று கொலு

ஐந்தாவது ஆட்டம் வராது என்று நம்பித்தான் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கொலு என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, அதேதான்.

டெக்ஸஸில் நாங்கள் இருக்கிற ஆலனில் நவராத்திரி ஒன்பது நாளும் பொம்மைகளுக்கு மட்டும்தான். மனிதர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் யார் வீட்டுக்கு எப்போது என்று வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டும். சென்னையில் முகூர்த்த நாளில் மண்டபம் பிடிப்பதைவிடக் கஷ்டம். பிடித்த நேரத்தை மாற்றவும் முடியாது. மாற்றினால் இன்னொருத்தியின் மாலையில் கை வைத்ததாகும், அந்தப் பகை அடுத்த நவராத்திரி வரை தாங்கும். நான் நேரம் பிடித்த அன்று, எங்கள் பக்கத்து பேஸ்பால் அணி ப்ளேஆஃப் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்திருந்தது. ஐந்தில் மூன்றை ஜெயிக்கிற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். மீதியில் ஒன்றே ஒன்று ஜெயித்தால் போதும். அட்டவணையிலேயே ஐந்தாவது ஆட்டத்துக்குப் பக்கத்தில் 'தேவைப்பட்டால்' என்றுதான் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் தோற்றார்கள். நான்காவதில் தோற்ற விதத்தைச் சொன்னால் எனக்கு இன்னும் வயிறு எரியும். ஆக, சனிக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் செருப்புகள் குவிகிற நேரத்துக்குச் சரியாக ஐந்தாவது ஆட்டம் தேவைப்பட்டுவிட்டது.

ஆட்டம்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கலாம். என் மகள் ஜெர்சி சிட்டியில் இருக்கிறாள். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனாள். அதைச் சொல்ல அவள் கூப்பிட்ட அன்று என் கணவர், "நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? இனி எங்கிட்டப் பேசாத" என்றார். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அவள் அவர் பெற்ற பெண். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு சொல் கிடையாது.

என்னோடு பேசுவாள். பேஸ்பால் மட்டும் பேசுவாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும். மறுபடி படிக்கிற எண்ணம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும். ஆனால் 'அந்தப் பிட்சரை ஏன் இவ்வளவு சீக்கிரம் எடுத்தார்கள்' என்று ஒரு வரி தட்டினால் போதும், பத்தி பத்தியாகப் பதில் வரும், சில நாள் போனே வரும். அவள் பள்ளியில், பேஸ்பாலுக்குத் தங்கை முறையான சாஃப்ட்பால் ஆடிய காலத்தில், டெக்ஸஸ் வெயிலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் நான் கற்றுக்கொண்ட ஆட்டம் இது. கற்றுக்கொண்டது இப்படி உதவும் என்று யார் கண்டார்கள்.

சீசன் முடிந்தால் எங்கள் பேச்சும் முடிந்துவிடும். போன வருடம் எங்கள் அணி ப்ளேஆஃபுக்கே வரவில்லை. தீபாவளிக்கு ஒரு வரி, பொங்கலுக்கு ஒரு வரி. மற்றபடி குளிர்காலம் முழுக்க என் போன் ஊமையாகக் கிடந்தது. வசந்த காலத்தில் முதல் ஆட்டத்தன்றுதான் மறுபடி வாய் திறந்தாள். இந்த முறையும் சனிக்கிழமை தோற்றால் அதே கதிதான். டிவியில் மற்றவர்கள் ஓர் அணியைப் பார்த்தார்கள். நான் இன்னும் கொஞ்ச நாளைக்கு எனக்கு மகள் உண்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் என் பாடு மத்தளத்தின் பாடு, இரண்டு பக்கமும் இடி. அவள் போன் வந்து போன பிறகு இவர் மெதுவாக வந்து, "என்ன சொன்னா?" என்பார். "இடதுகைக்காரன் தோள்பட்டை சரியில்லையாம்" என்பேன். "வேற?" "வேற ஒண்ணுமில்லீங்க." போய்ப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். ஒரு வார்த்தை அவரே கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை மாலை வழக்கம்போல் நடந்தது. பெண்கள் முன்னறையில் கொலுவுக்கு முன்னால்; ஆண்கள் பின்னறையில் டிவிக்கு முன்னால். நான் இரண்டுக்கும் நடுவே சுண்டல் கிண்ணங்களோடு. பின்னறையில் அடுத்த தெருக்காரர் ஒருவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் செலவில் ஒரே ஒருமுறை மைதானத்துக்குப் போய் வந்தவர். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத் தமிழர்களுக்கு பேஸ்பால் அத்தாரிட்டி அவர்தான்.

"உலகத் தொடர்னு பேரு, ஆடறது ஒரே நாடு" என்றார். இதை அவர் ஒவ்வொரு அக்டோபரிலும் சொல்வார். ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லோரும் சிரிப்பார்கள்.

"கனடாவுல இருந்தும் ஒரு டீம் ஆடுதுங்க" என்றேன், கிண்ணத்தை நீட்டியபடியே.

"இருக்காதே சிஸ்டர்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

யாரோ வைல்ட் கார்டு என்றால் என்ன என்று கேட்டார்கள். "அது ஒரு லாட்டரி மாதிரி. தோத்த டீமையெல்லாம் குலுக்கிப் போட்டு எடுப்பாங்க" என்றார் அடுத்த தெருக்காரர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "குலுக்கலெல்லாம் கிடையாதுங்க. ஒவ்வொரு லீக்லயும் மூணு பிரிவு. பிரிவுல முதல் இடம் வந்தவங்க நேரா உள்ள வந்துடுவாங்க. மீதி டீம்கள்ல யாரு அதிகம் ஜெயிச்சிருக்காங்களோ, அதுல மூணு பேருக்கு வைல்ட் கார்டு."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

எட்டாவது இன்னிங்ஸ் வரை எங்கள் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. அங்கேதான் மேனேஜருக்குப் புத்தி கெட்டது. நன்றாகப் பந்து போட்டுக்கொண்டிருந்த பிட்சரை உட்கார வைத்துவிட்டுப் புதிதாக ஒருவனை இறக்கினார். அவன் முதல் ஆளைச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்க விட்டான். இரண்டாவது ஆள் வந்து ஓங்கி ஓர் அடி அடித்தான், ஒரு ரன் வந்து சமமாகிவிட்டது.

"மாத்த வேண்டியதுதானே? எல்லாரும் தூங்கறானுங்களா?" என்றார் அடுத்த தெருக்காரர்.

"இப்ப மாத்த முடியாதுங்க. புதுசா வர்றவன் குறைஞ்சது மூணு பேருக்காவது போட்டாகணும். ரூல் அப்படி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார். "அப்படி ஒரு ரூல் இருக்கா சார்?"

இத்தனை வருடமாக நான் ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் சாய்ந்து குறட்டை விட்ட மனுஷன், கொஞ்சம் யோசித்து, "இருக்காதாட்ட இருக்குது" என்றார். அந்தச் சுண்டல் கரண்டியால் அவரை ஒன்று போட்டிருந்தால் அம்பாள்கூட என் பக்கம்தான் பேசியிருப்பாள். மூன்றாவது ஆளும் அடித்தான். இன்னொரு ரன். இப்போது நாங்கள் ஒன்று பின்னால்.

மகள் அந்த நேரம் ரயிலில் இருந்தாள். தோழி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறாள், வீடியோ நின்று நின்று வருகிறது, அடியோடு நின்றுவிட்டால் கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். என் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்ததால் சமையலறை மேடையில் செருகி வைத்திருந்தேன். அதை எடுக்கப் போகும்போதுதான் அடுத்த தெருக்காரரின் மனைவி என் கையைப் பிடித்தார்.

"எங்க நழுவறீங்க? ஒரு பாட்டுப் பாடாம இன்னிக்கு விடறதில்ல."

"தொண்டை சரியில்லீங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

கொலு வீட்டில் வீட்டுக்காரி பாட மாட்டேன் என்று எவ்வளவு நேரம் சொல்ல முடியும். சின்னதாக ஒன்றைப் பாடிவிட்டு ஓடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பல்லவி முடியவில்லை, சமையலறையில் என் போன் அடித்தது. அவளுக்கென்று தனியாக வைத்திருக்கிற மணி. அம்பாள் முன்னால் எடுத்த பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தாலும் அத்தனை பெண்களும் என்ன ஏது என்று பின்னாலேயே வருவார்கள். அனுபல்லவியை விரட்டினேன். பாடிக்கொண்டே பார்க்கிறேன், காலிக் கிண்ணத்தோடு இவர் சமையலறைக்குள் போகிறார். மணி நின்றது. யாரும் எடுக்காமல் நின்றதா, எடுத்து நின்றதா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பழையபடி ஏதாவது பேசிவிட்டால் இந்த பேஸ்பால் பேச்சும் போச்சு. சரணம் மொத்தத்தையும் விழுங்கிவிட்டு மங்களம் மாதிரி ஒன்றை இழுத்து முடித்தேன். அம்பாள் மன்னிப்பாள், அவளும் பிள்ளை பெற்றவள். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

நான் பின்னறைக்குப் போனபோது இவர் டிவிக்கு மிக அருகில், மற்றவர்களுக்கு மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் என் போன். அவருக்கு போனைக் காதில் வைத்துப் பேச வராது, எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"ரெண்டு பேரு அவுட்டு கண்ணு. நம்மாளு ஒருத்தன் நடுவால நிக்கறான். அந்த ரெண்டாவது மூலையில."

"ஓகே" என்றது போன்.

"இப்ப ஒரு பந்து போட்டான். நம்மாளு அடிக்கல, விட்டுட்டான். கீப்பர் புடிச்சுட்டான். எனக்கு வைடாட்டத்தான் தெரிஞ்சுது, அம்பயர் கையத் தூக்கறான்."

"ஓகே. அப்புறம்?" என்றாள். 'அப்புறம்' என்பதைத் தமிழில்தான் சொன்னாள்.

என் கை பரபரத்தது. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, எல்லாம் இந்த ஒரே ஆளின் மட்டையில் இருக்கிறது, இவர் மூலை என்கிறார், கீப்பர் என்கிறார். ஸ்ட்ரைக் எத்தனை, பால் எத்தனை என்று ஒன்றுமே சொல்லவில்லை. நான் ஒரு தப்புச் சொன்னால் அடுத்த நொடி திருத்துகிறவள் அவள். போனைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். இவர் தோளைத் திருப்பிக்கொண்டார். மறுபடி நீட்டினேன். மிட்டாயைப் பிடுங்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றார்.

"சார், கொஞ்சம் நகருங்க, தெரியல" என்றார் அடுத்த தெருக்காரர்.

"பாப்பா கேட்டுட்டு இருக்குதுங்க" என்றார் இவர், நகராமல்.

அடுத்த பந்தை எங்கள் ஆள் உயரத் தூக்கி அடித்தான். அறையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "தூக்கிட்டான் கண்ணு. சிக்ஸு. போவுது, போவுது. சிக்ஸேதான். அட, இல்ல. ஓரத்துல ஒருத்தன் நின்னுட்டு இருந்திருக்கறான். புடிச்சுட்டான்."

போனில் ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சீசன் முடிந்தது. இனி தீபாவளிக்கு ஒரு வரி.

"அவ்வளவுதானா கண்ணு?" என்றார் இவர்.

சீசன் முடிந்துவிட்டது, இனி வசந்த காலத்தில்தான் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அத்தன நாளா?" என்றவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய. படிப்பைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று கையால் ஜாடை காட்டினேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. "ஏங்கண்ணு, டிவில வேற மேட்ச் ஒண்ணும் போட மாட்டானா?"

அவள் சொன்னாள். இன்னொரு லீக்கில் இன்னும் நடக்கிறது, நாளை மதியம் ஓர் ஆட்டம் இருக்கிறது, நம் அணி இல்லை, ஆனாலும் பார்க்கலாம்.

"எனக்கு ஒண்ணும் வெளங்காது."

"ஐ நோ, அப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு இரண்டு வீட்டில் கொலு. நான் பட்டுப்புடவை கட்டி, தட்டில் பழம், வெற்றிலைபாக்கெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு வந்து பார்த்தால், இவர் பழைய லுங்கியோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கிளம்பவில்லையா என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா. எனக்கு மேட்ச் இருக்குது."

இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் சொல்லத் துணியாத வாக்கியம் அது. அந்த நேரம் போன் அடித்தது. என் கை தானாகப் பைக்குள் போனது. என் போன் இல்லை, அவருடையது. வைல்ட் கார்டு தெரிந்தவள் நான், மூன்று பேருக்குப் போடும் விதி தெரிந்தவள் நான், வெயிலில் மடக்கு நாற்காலியில் வெந்தவள் நான். அவள் கூப்பிட்டது அவரை. எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடேயே கண் நிறைந்துவிட்டது, மை கலையாமல் துடைக்க வேண்டியிருந்தது. இவர் ஸ்பீக்கரைப் போட்டார். என்னைப் பார்த்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போகும்படி கையைக் காட்டிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு, மொதல்ல இதச் சொல்லு. இதுல நாம யாரு பக்கம்?"