எஞ்ஜினோடு சேர்த்து வாங்க முடியாதவர்

கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மில் ஆள் நாகப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "சித்தப்பா போயிட்டாரு பாப்பா" என்றார்.

ஓசூரில் எங்கள் ஆமணக்கு எண்ணெய் மில்லுக்கு அப்பா முதலாளி, அவர் தம்பியான சித்தப்பா மேஸ்திரி. சித்தப்பா பொடி போடுவார், சட்டென்று கோபப்படுவார். "நின்னுக்கிட்டே தூங்கறியே, நீ என்ன குதிரையா?" என்று ஆட்களைக் கேலி செய்வார்.

ஒருமுறை, விதை கொட்டிய தெலுங்குக்காரர் போதும் என்பதற்கு "சாலு" என்றார். எஞ்ஜின் ஆள் கன்னடக்காரர். அவர் பாஷையில் அது ஓட்டச் சொல்வது. ஓட்டிவிட்டார். ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. அன்று முதல் மில்லுக்குள் அந்தச் சொல்லே கூடாது என்றார் சித்தப்பா. நிறுத்த "நில்லு", ஓட்டக் கையை உயர்த்த வேண்டும். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒருவருக்குத் தெரிந்த பக்குவத்தை மற்றவருக்குச் சொல்லவைத்தார். சித்தியும் அங்கே உட்கார்ந்து கற்றார். பெரிய மில்களை விட்டு பெங்களூர் வியாபாரிகள் எங்களிடம் வந்தார்கள்.

அப்பா எஞ்ஜினைத்தான் புகழ்வார். "எஞ்ஜினை யாரும் வாங்கலாண்ணா. இந்த ஆளுங்க பழகின பழக்கத்தை எந்தக் கடையில விக்கறான்?" என்பார் சித்தப்பா.

படுக்கையில் விழுந்ததும், தமக்குப் பின் சித்தியை மேஸ்திரியாக வைக்கச் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துச் சரி என்றார்.

உடலை எடுக்கும் முன்பே அப்பா, துக்கத்துக்கு வந்த ஒரு வியாபாரியிடம், "மூளை என்னுது, கைதான் அவனுது" என்றார். அன்றே அம்மாவின் தம்பியை மேஸ்திரி ஆக்கினார். சித்தி கேட்டதற்கு, "பொம்பளைக்கு எதுக்கும்மா மில்லு? நாட்றாம்பாளையத்துல அப்பன் வீடு இருக்குதில்ல?" என்றார். கண்ணீரைத் துடைத்த துண்டாலேயே வாய் துடைத்து வெற்றிலை போட்டுக்கொண்டார். அந்தச் சிவந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

துக்கம் கேட்க வந்த சூளகிரி மில்காரர், "எங்ககிட்ட வந்துரும்மா. புது எஞ்ஜின் இருக்குது, ஓட விடத்தான் ஆளில்ல" என்று சித்தியிடம் மெதுவாகச் சொன்னார். பிணத்தின் பக்கத்தில் அவர் அப்படிப் பேசியதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சித்தி வேண்டும் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

விடிந்ததும் சித்தி சூளகிரிக்குப் புறப்படுகிறார். நாகப்பாவும் எஞ்ஜின் ஆளும் கூடப் போகிறார்கள். அப்பாவுக்குத் தெரியாது. நான் எழுதுவது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். பக்கத்து அறையில் அவர் இருமும்போதெல்லாம் விளக்கை இறக்குகிறேன். இதைச் சித்தியிடம் கொடுத்துவிடுவேன். சித்தப்பா, அங்கே உங்களை அறியாதவர்களுக்கு அவர் வாசித்துக் காட்டட்டும்.

நாளைக்கு அப்பா சாவிக்கொத்தோடு மில்லைத் திறப்பார். உள்ளே எஞ்ஜின் இருக்கும். போய் வாருங்கள், சித்தப்பா.