பூனைக்குச் சொன்ன ஓடிபி

செங்கல்பட்டில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஆதார், ரேஷன், முதியோர் உதவித்தொகை என்று எது சிக்கலானாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வாரமெல்லாம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டலாமென்றால் விடமாட்டார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். திட்டிக்கொண்டேதான் லேப்டாப்பைத் திறப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு எதிர்வீட்டு ஆயா வந்தாள். உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஆதாரைச் சரிபார்க்க மறுநாள்தான் கடைசி. மகன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். ஆனால் வெற்றிலைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அவனிடம் கை நீட்டாமல் இருப்பது இந்தப் பணத்தால்தான். "அது போச்சின்னா நான் செத்த மாரி" என்றாள்.

ஓடிபி எந்த போனுக்கு வரும் என்று கேட்டேன். ஆயா மோவாயால் தன் வீட்டுப் பின்கட்டைக் காட்டினாள். ஆதார் எடுத்தபோது அவளிடம் போன் இல்லை. பின்கட்டில் குடியிருக்கும் ஓரகத்தியின், அதாவது கொழுந்தன் மனைவி சின்னவளின், நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் பேசி வருஷக்கணக்காகிறது. மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேனில் போனபோது ஆயா ஜன்னல் சீட்டை விட்டுத்தரவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட சின்னவள், ஆயாவின் பட்டுப்புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வேண்டுமென்றே எடுத்தாள் என்று இவள், வேண்டுமென்றே சீட்டுத் தரவில்லை என்று அவள். நம்பரை மாற்றலாம்தான். ஞாயிற்றுக்கிழமை எவன் மாற்றித் தருவான்? மறுநாள் போனாலும் மாறி வர நாளாகும்.

நானே தூது போனேன். போனைத் தரமாட்டாளாம், பெரியவளே வந்து வாயால் கேட்கட்டுமாம். இங்கே திரும்பி வந்தால், அவளைக் கேட்பதற்குப் பதில் ஆயா மாத்திரையையே நிறுத்திவிடுவாளாம். எனக்கு வந்ததே கோபம்! ஆயாவை இழுத்துக்கொண்டு போய், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான குழாயடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஓடிபியை அனுப்பினேன். பின்கட்டில் போன் டிங் என்றது. யாரும் வரவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் சண்டைக்காரர்கள் பேசிக்கொள்ள ஒரு வழி உண்டு. ஆளைப் பார்க்காமல் ஆட்டையோ கோழியையோ பார்த்துச் சாடை பேசுவது. பொதுவாகத் திட்டுவதற்குத்தான். அன்று சின்னவள் பாத்திரம் கழுவ வருகிறவள்போல் போனும் கையுமாக வந்து, குழாயடியில் படுத்திருந்த பூனையிடம், "இன்னா மொறைச்சிகினு கீற? எட்டு. நாலு" என்று ஆரம்பித்தாள்.

ஒரு காது மந்தமான ஆயா, துணிக்கொடியைப் பார்த்து, பூனைக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் குறைந்தா போய்விடும் என்றாள். சின்னவள் தொண்டை கிழியக் கத்தினாள். யாரிடமும் சொல்லக்கூடாத எண்ணைத் தெருவே கேட்டது. ஐந்தாவது எண்ணில் பூனை எழுந்து போய்விட்டது. ஆறாவதை வாளியிடம் சொன்னாள்.

திரையில் பச்சை டிக் விழுந்தது. ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவள் ஒன்றும் நடக்காததுபோல், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், பேரனிடம் சொல்லி ஒரு போன் வாங்கிக்கொள், அந்த நம்பரையே ஆதாரில் போட்டுவிடலாம், அடுத்த தடவை இந்தத் தொல்லையே இருக்காது என்றேன்.

ஆயா பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்மா" என்றாள் மெதுவாக. "மாத்திட்டா, அவ எங்கிட்ட பேசறதுக்கு வேற இன்னா கீது?"