கழுதைக்குத் தைத்த பட்டி

போன வருடம், சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, மன்னார் தீவில் இது நடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து, கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழக வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். நான் படிப்பது பொருட்களை வடிவமைக்கும் படிப்பு. ஓட்டோ ஓட்டும் வாப்பாவுக்கு அது விளங்கவில்லை. “படம் கீறுற படிப்பு” என்றுதான் அயலில் சொல்லுவார்.

எங்கள் துறையில் ஒரு கற்றல் குழு இருக்கிறது. மாணவர்களோடு, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடிவமைப்பாளர்களும் அதில் இருக்கிறார்கள். எனக்குத் துணையாகக் கிடைத்தவர் கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மிஸ். செய்த பொருளை மேசையில் வைத்துக் காட்டுவது எங்கள் குழுவில் எடுபடாது. அது பாவிக்கப்படும் இடத்துக்கே எல்லோரும் வந்து பார்ப்பார்கள்.

நான் செய்தது கழுதைக்கு ஒரு கழுத்துப் பட்டி. எங்கள் ஊரில் கழுதைகள் றோட்டிலேயே படுத்துக் கிடக்கும். இருட்டில் வாகனங்களில் அடிபடும். ஒருமுறை ஒரு கழுதைக்கு விலத்தப் போய் வாப்பாவின் ஓட்டோவே குடை சாய்ந்தது. அதனால்தான் வெளிச்சம் பட்டால் மினுங்கும் நாடாவில் பட்டி தைத்து, மரக்கறித் தோல் தின்ன எங்கள் ஒழுங்கைக்கு வரும் கழுதைக்குக் கட்டிவிட்டேன். எங்காவது சிக்கினால் தானாகக் கழன்றுவிடும்படி ‘வெல்குரோ’ ஒட்டுப்பட்டி வைத்திருந்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அது கழுத்தில் நின்றால், மிஞ்சும் நாடாவில் ஊர்க் கழுதைகளுக்கெல்லாம் தைத்துத் தரத் தொழிற்சாலையில் கேட்பதாக மிஸ் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை குழு வந்து இறங்கியது. கழுதையைத்தான் காணவில்லை.

“கழுதைக்குப் பட்டி கட்டத்தானா மகள் கம்பஸுக்குப் போனனி?” என்று கேட்டுக்கொண்டே வாப்பா ஓட்டோவை எடுத்தார். மிஸ்ஸும் நானும் ஏறினோம். மற்றவர்கள் வான் வண்டியில் பின்னால் வந்தார்கள். ஓட்டோத் தரிப்பிடத்தில், வாப்பாவை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் கூட்டாளிகள் விடவில்லை.

“என்ன நானா, ஊர்வலமா?”

“கழுதை தேடுறம்.”

“மன்னாரில கழுதை தேட ஓட்டோவா? திரும்பிப் பாருங்கோ, பின்னுக்கே நாலஞ்சு நிக்குது!”

நின்றன. எங்களுடையது அதில் இல்லை.

கடைசியில் பஸ் நிலையத்து மதில் நிழலில் கண்டோம். கழுத்தில் பட்டி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொரு கழுதை அதன் பிடரியைச் செல்லமாகக் கடித்துச் சொறிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பட்டியின் நுனி அதன் பல்லில் மாட்டியது. ‘சர்’ரென்று கழன்ற பட்டியை அது வெற்றிலை மாதிரி மெல்லத் தொடங்கியது.

வகுப்புத் தோழர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பட்டியைப் பறிக்க ஓடினேன்.

“ஐயோ, துரத்தாத! இன்னும் கொஞ்சம் பாப்போம்!” மிஸ் மணலில் முழங்காலில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். “ரெண்டு பேரும் மாசக்கணக்கா யோசிச்சோம். கழுதைங்க எப்பிடி ஒண்ணுக்கொண்ணு சொறிஞ்சுக்குதுன்னு பாக்கவே இல்லையே!”

மற்றக் கழுதையின் பல் எட்டும் இடத்தில்தான் நாங்கள் ஒட்டுப்பட்டியை வைத்திருந்தோம். ஓட்டோவின் பின்சீற்றில் இருந்துகொண்டே மிஸ் பையிலிருந்த நாடாவை வெட்ட, நான் தைத்தேன். இந்தமுறை ஒட்டும் இடம் தொண்டைக்குக் கீழே வந்தது. வாப்பா வாழைப்பழத் தோலைக் காட்டிக் கழுதையை மயக்க, கட்டி முடித்தோம். சொறியும் கழுதை திரும்பவும் வந்தது. பிடரியில் தேடிப் பார்த்தது. ஒன்றும் அகப்படாமல் தும்மிவிட்டுப் போனது. எல்லோரும் கைதட்டினோம்.

அந்தப் பட்டி ஒரு கிழமையும் தாண்டி நின்றது. பிறகு தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பட்டிகள் வந்தன. இப்போது அயலில் யாரும் கேட்டால், “அவ கழுதைக்குப் பட்டி கட்டுற படிப்புப் படிக்கிறா” என்று வாப்பா பெருமையோடு சொல்கிறார். நானும் திருத்துவதில்லை.

முன்பெல்லாம் செய்தது பிழையாகிப்போனால் ஒளித்துவைப்பேன். அன்றைக்குப் பிறகு, முதலில் யாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுதான் மனம் தேடுகிறது.