ரயில் மேடு இல்லாத மேப்

எங்க வீட்டுக்காரருக்கு ஆபீசுல வச்ச பேரு அறுகோணம். போர் வரலாற்றுப் பத்திரிகை ஒண்ணுல வேலை. வெறும் கட்டுரை மட்டும் இல்ல, ஒவ்வொரு இதழுக்கு நடுவுலயும் ஒரு போர் ஆட்டம் வச்சுக் குடுப்பாங்க. மடிச்ச மேப் ஒண்ணு, பிய்ச்செடுக்கிற மாதிரி அட்டைக் காய்ங்க, கூடவே ஆட்ட விதி. மேப்பு பூரா தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டம். அதை வரையறது இவரு. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா, "என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டதுக்கு, "சண்டை போட இடம் வரைஞ்சு குடுக்கிறேன்"னாரு. எங்கப்பா எந்திரிச்சுப் போகாம இருந்ததே பெரிசு.

இதே மாதிரி பத்திரிகை வேற ரெண்டு மூணு வருது. வழவழன்னு தாளு, அட்டையில டாங்கி புகை கக்கும். உள்ள இருக்கிற ஆட்டத்தைப் பிரிச்சுப் பாத்தா ரெண்டாவது சுத்துலயே ஒருத்தன் ஜெயிச்சுருவான். கட்டுரையில கொட்டுற மழைன்னு எழுதியிருப்பாங்க, மேப்புல ஆறு வத்திக் கிடக்கும். அடுத்த இதழ்ல 'பிழை திருத்தம்'னு ஒரு துண்டுத்தாளைச் சொருகிருவாங்க. அதைப் பாத்தாலே இவருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். "வாங்குறவன் என்ன இளிச்சவாயனா?"ன்னு அந்தத் துண்டுத்தாளை என்கிட்ட நீட்டுவாரு, என்னமோ நான் அச்சடிச்ச மாதிரி.

அதனால இவரு பண்ற வேலை என்னன்னா, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆட்டமும் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாகணும். முதல்ல ரெண்டு பேர் உக்காந்து ஜெயிக்கிறதுக்காக ஆடுவாங்க. அப்புறம் 'நடந்தபடி ஆட்டம்'னு ஒண்ணு. கட்டுரையைக் கையில வச்சுக்கிட்டு, நிஜப் போர்ல எந்தப் படை எப்ப எங்க போச்சோ அப்படியே காயை நகத்துறது. முடிவும் நிஜத்துல வந்த மாதிரியே வரணும். வரலேன்னா ஒண்ணு ஆட்டம் பொய் சொல்லுது, இல்ல கட்டுரை பொய் சொல்லுது. எதுன்னு தெரியற வரைக்கும் மேப்பைக் குடுக்க மாட்டாரு. நாங்க தட்டை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிட்டுப் பழகிட்டோம்.

எதிர்ல உக்காந்து ஆடுறது அக்கா. அதாவது இவரோட அண்ணி. இவரு அண்ணன் பட்டாளத்துல இருந்தாரு, ஒரு பாலத்தைக் காக்கப் போன சண்டையில செத்துப்போனாரு. அதுலேர்ந்து அக்கா எங்களோடதான். ஆளில்லாத குறைக்கு ஒரு நாள் அக்காவைப் புடிச்சு உக்கார வச்சாரு, அவ்வளவுதான், இன்னைக்கு அவங்களை ஜெயிக்க ஆளே கெடையாது. "கொஞ்சம் இரக்கம் காட்டுங்க அண்ணி"ன்னு இவரு கெஞ்சுவாரு. "அட்டைக்கு என்ன தம்பி இரக்கம்?"னு சொல்லிக்கிட்டே காயைத் தூக்கி ஓரமா வச்சுருவாங்க.

அந்தப் பாலத்துச் சண்டையையே ஒரு இதழா போடணும்னு ஆசிரியர் முடிவு பண்ணதுதான் எங்க கெட்ட நேரம்.

கட்டுரை எழுதினது ஒரு ரிட்டயர்ட் அதிகாரி. பாலத்துல மாட்டிக்கிட்டவங்களுக்குத் துணையா போக வேண்டிய படை அன்னைக்கு அவரு கையிலதான் இருந்துச்சு. ரோடு வெள்ளத்துல முங்கிருச்சு, அதனால போய்ச் சேர முடியலன்னு எழுதியிருந்தாரு. அப்ப எங்க வீட்டுக்கு வந்து சொன்னதும் அதேதான். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷத்தை ஓட்டினாங்க. வெள்ளத்துக்கு யாரைத் திட்ட முடியும், சொல்லுங்க?

இந்த ஆட்டத்தை அக்கா கண்ணுல காட்டக் கூடாதுன்னு ஆபீசுலயே ஆட வச்சுப் பாத்தாரு. அங்க பேருக்கு ரெண்டு சுத்து ஆடிட்டு "பிரமாதம்"னுட்டாங்க. இவருக்கு மனசு ஆறல. மேப்பைச் சுருட்டிக்கிட்டு வந்து பீரோ மேல ஒளிச்சு வச்சாரு. கம்பளி எடுக்கப் போன அக்கா கையிலயே அது கெடைச்சுது. விரிச்சுப் பாத்தாங்க. ஆத்தையும் பாலத்தையும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாங்க.

"இதை மட்டும் ஏன் தம்பி மறைச்சீங்க? போடுங்க. நான் அவரு பக்கம் ஆடுறேன்."

நான் வேண்டாம்னேன். யாரு கேட்டா?

அக்கா வெள்ளத்துல கெடந்த ரோட்டுப் பக்கமே போகல. பக்கத்துல ஒசரமா ஒரு ரயில் மேடு, தண்டவாளம் போட்ட மண்கரை போகுது, துணைப்படையைத் தூக்கி அது மேல ஏத்திட்டாங்க. இருட்டுறதுக்கு முன்னாடி பாலத்துக்கிட்ட கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. "வந்துட்டாங்க! தம்பி, வந்துட்டாங்க!"ன்னு கையைத் தட்டுறாங்க. நான் அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேன். அந்த முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்ததே இல்ல. இவரு விடல, மறுபடியும் ஆடினாரு, எதிரிப் படையை விட்டு மேட்டை மறிச்சுப் பாத்தாரு. அப்பவும் வந்துட்டாங்க. எப்படி ஆடினாலும் வந்தாங்க.

அப்புறம் நடந்தபடி ஆட்டம். இவரு கட்டுரையைப் பாத்துப் படிக்கப் படிக்க அக்கா நகத்தினாங்க. துணைப்படை நின்ன இடத்துலயே நிக்கணும். அக்கா அந்தக் காயைக் கையில வச்சுக்கிட்டு, "இவங்க ஏன் தம்பி நிக்கிறாங்க?"ன்னாங்க.

"வெள்ளம் அண்ணி."

"மேடு முங்கலியே."

இவருக்கு முகம் செத்துப்போச்சு. "பாத்துச் சொல்றேன் அண்ணி"ன்னாரு.

மறுநாள் சண்டைக்கு முந்தியே போட்ட பழைய சர்வே மேப்பை எடுத்துப் பாத்தாரு. மேடு சரியாத்தான் இருந்துச்சு. அந்த அதிகாரிக்கே போன் போட்டாரு, நானும் பக்கத்துல இருந்தேன். அந்த மனுஷன் எவ்வளவு சாதாரணமா சொல்றாரு தெரியுமா? "மேட்டு மேல போயிருக்கலாம்தான். பாலம் எப்படியும் கைவிட்டுப் போயிரும்னு தோணுச்சு. எங்கிட்ட இருந்த ஆளையாவது மிச்சம் புடிக்கலாம்னு நிறுத்திட்டேன். இதையெல்லாம் எழுதவா முடியும்?" இவரு "சரிங்க சார்"னு சொல்லிட்டு வச்சுட்டாரு. சாராம் சாரு!

ஆசிரியர்கிட்ட போனாரு. கட்டுரையில ஒரு எழுத்தைக்கூட மாத்த அந்த அதிகாரி ஒத்துக்க மாட்டாராம், அட்டையில அவரு படம் வேற ஏறிருச்சாம். "மேட்டை எடுத்துருங்க. கட்டுரையும் ஆட்டமும் ஒத்துப்போயிரும். நீங்க எப்பவும் கேக்குறது அதைத்தானே? உங்களால முடியலேன்னா வேற ஆளு வரைவான்"னு அந்த ஆசிரியன் இவரு வாயாலயே இவரை மடக்கிட்டான்.

"முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வாங்க. எப்படியோ பொழைச்சுக்கலாம்"னு நான் கத்தினேன்.

"நான் விட்டா இன்னொருத்தன் அழிப்பான். வெள்ளம்னு நெனச்சுக்கிட்டுத்தானே அண்ணி இத்தனை நாள் தூங்கினாங்க. அவங்க தூக்கத்தையும் கெடுக்கச் சொல்றியா?"

சப்பைக்கட்டு. ஆனா பாதி நெசம்.

மேட்டை அழிச்சுட்டாரு. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. அக்காகிட்ட போய், "என் மேப்புதான் தப்பு அண்ணி. அந்த ரயில் மேடு சண்டைக்கு அப்புறம் போட்டதாம். புது மேப்பைப் பாத்து வரைஞ்சுட்டேன்"னாரு. வேலையில ஒரு புள்ளி பிசகினாலும் உயிரை விடுற மனுஷன், செய்யாத தப்பைத் தன் தலையில ஏத்திக்கிட்டு நிக்கிறாரு. அக்கா, "அப்படியா தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு நெசம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அக்கா முகத்தைப் பாத்ததும் அடுப்பைப் பாக்கப் போயிட்டேன்.

இதழ் வந்துச்சு. இத்தனை வருஷத்துல இதுதான் சிறந்த இதழ்னு வாசகருங்க எழுதித் தள்ளிட்டாங்க. கட்டுரையும் ஆட்டமும் அச்சு அசலா ஒத்துப்போகுதாம். ஆபீசுல கேக் வெட்டினாங்களாம். இவரு அதைத் தொடாம வந்துட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் அக்கா ஒரு பிரதியை எடுத்துட்டு வந்து மேஜையில விரிச்சாங்க. காயெல்லாம் ஒண்ணொண்ணா பிய்ச்சு அடுக்கினாங்க. "வாங்க தம்பி, ஒரு ஆட்டம்." இவரு தலை வலிக்குதுன்னாரு. "உக்காருங்க"ன்னாங்க. உக்காந்தாரு.

அக்கா துணைப்படையை ரோட்டுலதான் விட்டாங்க. வேற வழி ஏது? வெள்ளத்துல ஒரு கட்டம் நகரும், நின்னுரும். இருட்டிருச்சு. பாலத்து மேல ஒரே ஒரு காய் மிச்சம். இவரு பகடையை உருட்ட மாட்டேன்னு கையை மடக்கிக்கிட்டாரு. அக்காவே எடுத்து அவருக்காக உருட்டினாங்க. விழுந்ததைப் பாத்துட்டு, தன் காயைத் தானே எடுத்து ஓரமா வச்சாங்க.

"உங்க அண்ணன் கடைசி லீவு முடிஞ்சு அந்த ரயில்லதானே தம்பி போனாரு. நான்தான் போய் ஏத்திவிட்டேன். பாலத்துக்கு நேரா மேட்டுலயே எறங்கிக்கலாம், நடக்கிற வேலையே இல்லன்னு சிரிச்சுக்கிட்டே போனாரு."

இவரு மேஜையில தலையைச் சாச்சுக்கிட்டு, "அண்ணி, அண்ணி"ன்னு கொழந்தை மாதிரி அழுதாரு. நானும் அழுதேன். அக்கா அழல. மேடு இருந்த இடத்தை விரலால மெதுவா தடவிப் பாத்தாங்க.

"அழாதீங்க தம்பி. எவ்வளவு சுத்தமா வேலை பண்ணியிருக்கீங்க. இங்க ஒண்ணு இருந்த அடையாளமே தெரியல."