கணக்கில் வராத ஐந்து அடி

செகந்திராபாத்தை ஒட்டிய போலாரத்தில் கல்பகம் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்கள் அம்பாளைப் பார்ப்பதற்கு முன்னால் பீரங்கியைப் பார்த்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே பூங்காவோ கிரிக்கெட் மைதானமோ இருக்கும். இவள் வீட்டில் நீலப் பெயின்ட் அடித்த அட்டைக் கடல், அதன் கரையில் ஒரு கோட்டை, கோட்டை மேல் கடலைப் பார்த்தபடி நான்கு பீரங்கிகள்.

"அம்பாளுக்கு முன்னாடி பீரங்கி வைக்கலாமோ?" என்று வருஷத்துக்கு ஒரு மாமியாவது கேட்டுவிடுவாள்.

"அவ கையில சூலம் இருக்கே, அதென்ன தேங்கா துருவவா?" என்பாள் கல்பகம். கேட்ட மாமி சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

செகந்திராபாத்தில் ராணுவக் கட்டடங்களுக்குப் படம் போடும் ஓர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். பெண்ணானாலும் பதவியின் பெயர் டிராப்ட்ஸ்மேன்தான். அதில் அவளுக்குப் புகார் இல்லை. புகார் வேறொன்று.

தொண்ணூற்றேழில், மேற்குக் கரையில் வெள்ளைக்காரன் கட்டிய பீரங்கிக் கோட்டை ஒன்றைப் பழுதுபார்ப்பதாக ஏற்பாடு. அளவெடுக்க இரண்டு பேர் கிளம்பினார்கள். கல்பகமும் வருகிறேன் என்றாள். பெண்கள் தங்க வசதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போனவர்கள் முந்திரிப் பருப்பும் அளவு நோட்டும் கொண்டுவந்தார்கள். முந்திரி எல்லாருக்கும், நோட்டு இவளுக்கு.

வரைய உட்கார்ந்தால் கணக்கு உதைத்தது. பீரங்கி மேடைக்கு அடியில் வெடிமருந்துக் கிடங்கு. அந்தப் பகுதியை வெளியே அளந்தால் அறுபத்திரண்டு அடி, உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் ஐம்பத்தேழு. ஐந்து அடியைக் காணோம். கருங்கல் என்ன கற்பூரமா, காற்றில் கரைய? கிடங்குக்குப் பின்னால் கண்ணில் படாத இடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று, புள்ளிக்கோட்டில் ஓர் அறையைப் போட்டுவிட்டாள்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். "நேர்ல போனவங்களே அப்படி ஒண்ணும் இல்லேங்கறாங்க. போகாத நீங்க ரூம் கட்டறீங்க. கடல் காத்துல டேப் தொய்ஞ்சிருக்கும்மா, அழிச்சிடுங்க" என்றார். பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. டிரேசிங் தாளில் விழுந்த மை ரப்பருக்கெல்லாம் அசையாது, பிளேடால் சுரண்ட வேண்டும். தான் போட்ட அறையைத் தானே சுரண்டி எடுத்தாள். ஐந்து அடி தொய்வதற்கு அது டேப்பா புடவையா என்ற பதில் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் தோன்றியது. நல்ல பதில்களுக்கு அந்தக் கெட்ட புத்தி உண்டு.

அந்த அவமானம் ஆறவேயில்லை. ஓய்வுபெற்ற வருஷத்திலிருந்து கொலுவில் அந்தக் கோட்டை. பார்ப்பவர் பக்கம் திறந்திருக்கும், உள்ளறைகள் எல்லாம் தெரியும், அந்த ஐந்தடி உட்பட. அட்டை வெட்டித் தருபவர் கணவர் ஜெயராம், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். ஒவ்வொரு வருஷமும் அந்த அறையில் ஒரு சீரியல் பல்பு போடட்டுமா என்று கேட்பார்.

"நக்கோ, வேண்டாம். என்ன ரூம்னே தெரியாம விளக்கு போடப்படாது."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசுக்குள் பயம்தான். ஒருவேளை டேப் தொய்ந்துதான் போயிருந்தால்? வீம்புக்கு வருஷா வருஷம் பொய்யைக் கட்டி அம்பாள் முன்னால் வைக்கிறோமோ என்று அவளுக்குத் தூக்கம் கெட்டதுண்டு.

இந்த வருஷம் கீழ் ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்த வேதவல்லியைத் தாம்பூலத்துக்கு அழைத்திருந்தாள். கூடவே அவள் கணவர் பக்தவத்சலமும் வந்தார். குடியாத்தத்துக்காரர், பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். வேதவல்லி பாடி முடிக்கும்வரை கோட்டை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மனிதர், பாட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இந்தக் கோட்டையில நான் ரெண்டு வருஷம் இருந்திருக்கேன்" என்றார். பிறகு விரலை நீட்டினார். "அது சரி, இந்த ரூம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கல்பகத்தின் கையில் சுண்டல் கரண்டி அப்படியே நின்றது. "இருக்கா?"

"இருக்காவா! எண்பத்தாறுல நாங்க டீ போட்டுக் குடிச்சதே அங்கதான். விளக்குச் சந்து. மருந்து ரூமுக்குள்ள நெருப்பு போகக்கூடாது இல்லீங்களா? அதான் அந்தக் காலத்துல பின்னாடி சந்துல விளக்கை வச்சி, செவுத்துல கண்ணாடி ஜன்னல் போட்டு, வெளிச்சத்தை மட்டும் உள்ள விட்டாங்க."

"அப்போ அளக்கப் போனவா கண்ணுல ஏன் படலை?"

பக்தவத்சலம் தலையைச் சொறிந்தார். "அது வந்தும்மா... எங்க ஆபீசர் சாப் கண்ணுல அடுப்பு படக்கூடாதுன்னு சந்து வாசல்ல பெரிய மர பீரோ ஒண்ணைத் தள்ளி வச்சிட்டோம். ஜன்னலுக்குப் பலகை அடிச்சி சுண்ணாம்பும் பூசியாச்சி. மாத்தல் வந்தப்போ அப்படியே போட்டுட்டு வந்துட்டோம்."

"அகலம் எவ்வளவு சார்?"

அவர் எழுந்து இரண்டு முழங்கைகளையும் விரித்துக் காட்டினார். "இப்படி நின்னா ரெண்டு பக்கமும் இடிக்கும். மூணு அடி."

"நடுச்சுவர்?"

"ரெண்டு அடி கனம்."

மூன்றும் இரண்டும். கல்பகம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இருபத்தெட்டு வருஷமா என்னைப் படுத்தின பாவி நீங்கதானா!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். வேதவல்லி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். கல்பகத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று பிளேடு பிடித்துத் தலை குனிந்திருந்த தன்னை நினைத்தபோது கொஞ்சம் அழுகையும் வந்தது. இரண்டையும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பக்தவத்சலத்துக்கு இன்னொரு பங்கு சுண்டல் வைத்தாள்.

"ஏன்னா, அந்த பல்பை எடுத்துண்டு வாங்கோ."

ஜெயராம் சீரியல் பல்பு ஒன்றைச் சந்துக்குள் நுழைத்தார். கல்பகம் பிளேடை எடுத்து நடுச்சுவரில் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினாள். வெளிச்சம் மருந்துக் கிடங்கின் தரையில் விழுந்தது.