ஞானபாக்கியம் மேடத்தின் உபவாசக் கோப்பைகள்

தூத்துக்குடியில் வாலிபால் என்று வாயைத் திறந்தால் ஞானபாக்கியம் மேடத்தின் பெயர் வராமல் போகாது. பெண்கள் கல்லூரி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர். அவருடைய அணி கோப்பை வாங்கிய வருடங்களை எண்ணுவதைவிட வாங்காத வருடத்தை எண்ணுவது சுலபம். நடுவில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றில்தான் வினை வந்து உட்கார்ந்தது.

அதே மாவட்டத்து நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை அவர். பல்கலைக்கழக அணிக்கு ஆடி, முழங்கால் போய், அழுது தீர்த்துவிட்டு, விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர். வேலைக்குச் சேர்ந்தபோது மைதானம் என்று காட்டிய இடம் உடைமுள் காடு. வெட்டிச் சுத்தம் செய்து வலை கட்டினால், துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று நிலக்கரித் தூளைக் கொண்டுவந்து கொட்டும். பிள்ளைகள் முணுமுணுத்தால், "கரியெல்லாம் சோப்பு போட்டா போயிரும், நீ பந்தப் பாருளா" என்று ஒரு அதட்டல். அந்தக் குரலுக்கு அடங்காத பிள்ளை கிடையாது.

முதல் கோப்பை வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பாளையங்கோட்டையில் இறுதி ஆட்டம். போகிற வழியில், வாகைக்குளத்துக்கு அருகே வேன் படுத்துவிட்டது. லாரி பிடித்துப் போய் இறங்கியபோது ஆட்டம் தொடங்க நேரமாகிவிட்டது. காலையிலிருந்து யார் வயிற்றிலும் ஒரு பருக்கை இல்லை. "சரி, இதையே உபவாசம்னு வச்சுக்கிடுவோம். கர்த்தர் பார்த்துக்கிடுவாரு" என்று பிள்ளைகளை முழங்காலில் நிற்க வைத்து ஜெபித்தார் மேடம். ஜெயித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான், அதுவே வழக்கமாகிப் போனது. இறுதி ஆட்டத்தன்று விடிந்ததிலிருந்து தண்ணீர் மட்டும். நாசரேத்துக்காரர்கள் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் உபவாசம் இருக்கிறவர்கள். கோப்பைக்கு இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை. பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் சீனித்தாய்கூடத் தன் செவ்வாய்க்கிழமை விரதத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டாள். ஜெயித்தது பட்டினி வயிறா, பழகிய கையா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். எங்கே! ஜெயிக்கிறவரிடம் போய் யார் கேட்பார்கள்?

விஜிலா வந்தது அதற்கப்புறம். மணப்பாட்டுக் கடல்காரர் வீட்டுப் பெண், நெடுநெடுவென்ற உயரம், அவள் எம்பி அடித்தால் எதிர்ப்பக்கம் கையை நீட்டவே யோசிப்பார்கள். சேர்க்கையன்றே அவள் அம்மா மெற்றில்டா மேடத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"டீச்சரம்மா, பிள்ளைக்குச் சின்னதுலயே சுகரு. தெனமும் ஊசி போடுதா. ஊசி போட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடாம விட்டா மயங்கி விழுந்துருவா. ஒரு தடவ பொழச்சதே ஆண்டவர் புண்ணியம்."

"நான் பார்த்துக்கிடுதேன், நீங்க தைரியமாப் போங்க" என்றார் மேடம். முதல் வருடம் பார்த்துக்கொள்ளவும் செய்தார். எல்லாரும் உபவாசம் இருக்க, விஜிலாவுக்கு மட்டும் உடை மாற்றும் அறையில் இட்லிப் பொட்டலம்.

அந்த வருடம்தான் தோற்றார்கள். தோற்ற காரணம் உதவிப் பயிற்சியாளர் ஜெப்ஸிக்குத் தெரியும். சீனித்தாய்க்குக் கணுக்கால் பிசகியிருந்தது; "மேடம், மாத்திரலாம்" என்று ஜெப்ஸி கெஞ்சினாள்; மேடம் பிடிவாதமாக மாற்றவில்லை. நொண்டிக்கொண்டே தூக்கிக் கொடுத்த பந்துகளில் ஆட்டம் கைவிட்டுப் போனது. என் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் கிரீடமா இறங்கிவிடும்? மேடம் அன்று உடை மாற்றும் அறையில் நின்று, யாரையும் பார்க்காமல், "உபவாசத்துல ஓட்ட விழுந்தா ஜெபம் எங்கன நிக்கும்?" என்றார்.

விஜிலா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். சொன்னது தப்பு என்று அடுத்த கணமே மேடத்துக்குத் தெரிந்தது. நாளைக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த நாளை வரவே இல்லை.

அடுத்த வருடம் இறுதி ஆட்டம் சொந்த மைதானத்திலேயே. ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் மேடம் கேட்டார்:

"ஏளா விஜிலா, ஊசி போட்டியா?"

"போட்டுட்டேன் மேடம்."

"சாப்பிட்டியா?"

"ம், சாப்பிட்டேன்."

அணி வெளியே போனபின் விசிலை எடுக்க உள்ளே வந்த மேடம் விஜிலாவின் இட்லிப் பொட்டலத்தைப் பார்த்தார். சுற்றின நூல்கூடப் பிரியவில்லை. கூப்பிட்டு நாலு வாய் ஊட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் உள்ளுக்குள் இன்னொன்று முணுமுணுத்தது: இந்த வருடம் ஓட்டை இல்லை. மேடம் பொட்டலத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு வெளியே வந்தார். பாவி மனுஷி!

விஜிலா பேய் மாதிரி ஆடினாள். முதல் இரண்டு செட்டும் நமக்கு. மூன்றாவதில் அவள் சட்டை தொப்பலாக நனைந்தது, கை நடுங்கியது. நான்காவதில் அடிக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். சீனித்தாய் பயந்துபோய் மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது.

"மேடம், அவ முழியே சரியில்ல. வெளிய எடுங்க, குளுக்கோஸ் கொடுப்போம்" என்று ஜெப்ஸி மேடத்தின் கையைப் பிடித்தாள்.

"இன்னும் மூணு பாயின்ட்தாம்ளா. பொறு."

"மேடம், பிள்ளை செத்துருவா!"

"பொறுன்னு சொல்லுதேன்லா!"

கர்த்தாவே, மூணு பாயின்ட், மூணே பாயின்ட் என்று மேடத்தின் உதடு தன்பாட்டில் அசைந்தது. கடைசிப் பந்தை விஜிலாதான் அடித்தாள். எப்படி அடித்தாளோ! நடுவர் விசில் ஊத, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது, அவள் அவர்கள் கைகளுக்கு நடுவிலேயே வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கினாள். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியும் நெடுநேரம் கண் திறக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து, "யார் பட்டினி போட்டது?" என்று கேட்டபோது மேடம் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார். மெற்றில்டா மணப்பாட்டிலிருந்து விழுந்தடித்து வந்தவள், மேடத்தைக் கண்டதும் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்ததுனாலதான் உசிரோட கெடக்கா டீச்சரம்மா." கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது மேடத்துக்கு.

ஒருவழியாக விஜிலா விழித்தாள். நாக்கு குழறியது.

"ஜெயிச்சோமா மேடம்?"

"ஜெயிச்சோம்ளா."

"நான் சாப்பிடல மேடம். பொய் சொல்லிட்டேன். எங்க ஊர்லயும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல ஒரு வேள மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்போம்லா, எனக்குக் கஷ்டமா இல்ல."

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவினார். "கிறுக்குப் பிள்ள, உபவாசத்துனால ஒண்ணும் ஜெயிக்கலளா. உன் கை ஜெயிச்சது. இனிமே ஒரு வேளகூடப் பட்டினி கெடக்கக் கூடாது, கேட்டியா?"

விஜிலா அவரையே பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிறார்கள் என்று நினைத்தவள்போல லேசாகச் சிரித்தாள்.

"அப்ப போன வருசம் ஏன் மேடம் தோத்தோம்?"

கால்மாட்டில் மெற்றில்டா நின்றாள். கதவருகே சீனித்தாயும் மற்ற பிள்ளைகளும் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெப்ஸி மட்டும் தரையைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இப்பப் பேசாதளா, தூங்கு" என்றார் மேடம்.

விஜிலா சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டாள். "அடுத்த வருசமும் உபவாசம் இருப்பேன் மேடம்" என்றாள்.